யாழ்ப்பாணத்தில் விருந்தினர் விடுதி: நிலத்தை விற்றுவிட்டுப் போகலாமா?

கேள்வி:

எனக்கு வயது 48. நாகப்பட்டினம் பக்கம் கிராமம். இருபது வருடமாக உரக்கடை வைத்திருக்கிறேன். பதினைந்து மா (சுமார் ஐந்து ஏக்கர்) நஞ்சை, ஒரு மாடி வீடு, வங்கியில் 12 லட்சம் டெபாசிட், மனைவியின் நகை 60 பவுன் இருக்கின்றன. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டோம். மகன் தஞ்சாவூரில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்காக நானும் மனைவியும் கப்பலில் காங்கேசன்துறை போய், யாழ்ப்பாணத்தில் ஒரு வாரம் தங்கினோம். தங்கிய விடுதிக்கு ஆறு அறை. உரிமையாளர் கனடாவில் இருக்கிறார், தம்பிதான் பார்த்துக்கொள்கிறார். மாதம் ஒன்றரை லட்சம் இலங்கை ரூபாய்க்குக் குத்தகைக்கும் விடுவார்களாம், ஆனால் விற்கத்தான் விருப்பம். நம் பணத்தில் 70 லட்சம் சொல்கிறார்கள். பன்னிரண்டு மாவை விற்றால் தேறிவிடும். வெளிநாட்டுக்காரர் பெயரில் பதிய முடியாது என்றால் தன் பெயரில் பதிந்துகொண்டு எனக்குத் தனியாக எழுதித் தருகிறேன் என்கிறார் தம்பி. பணத்தை உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஹவாலாவில், அனுப்பினால் செலவு குறைவு என்று இங்கே ஒருவர் சொல்கிறார். அறைக்கு ஓர் இரவுக்கு 8,000 இலங்கை ரூபாய் வாங்குகிறார்கள். எண்பது சதவீதம் நிறைந்தாலே வருடத்துக்கு நம் பணத்தில் 40 லட்சம் வருகிறது. மனைவி நன்றாகச் சமைப்பாள். உரம் விற்று அலுத்துவிட்டது ஐயா. செய்யலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில் (கும்பகோணத்திலிருந்து ஆடிட்டர்):

முதலில் ஒன்றைத் தீர்த்துவிடுவோம். அந்த வீட்டை நீங்கள் வாங்க முடியாது. இலங்கையில் 2014ஆம் ஆண்டு கொண்டுவந்த காணிச் சட்டம் (எண் 38) வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றுவதைத் தடுக்கிறது. 2013 ஜனவரி 1 முதலே அது செல்லும் என்றும் எழுதிவிட்டார்கள். அங்கே ஒரு கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் வாங்கலாமே என்று தோன்றும். பாதியோ அதற்கு மேலோ பங்கு வெளிநாட்டவர் கையில் இருந்தால் அந்தக் கம்பெனிக்கும் இதே தடைதான். அடுக்குமாடியில் நான்காவது மாடியும் அதற்கு மேலும் போன்ற சில விலக்குகள் உண்டு. அவை நல்லூர் பக்கத்து ஓட்டு வீட்டுக்கு உதவாது. குத்தகைக்கு எடுக்கத் தடை இல்லை, 99 வருடம் வரை எடுக்கலாம்.

தம்பி சொல்லும் யோசனைக்கு வருகிறேன். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். தன் பெயரில் பதிந்துகொண்டு உங்களுக்குத் தனியாக ஒரு தாள் எழுதித் தந்தால், அந்தத் தாளை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய் நீட்டுவீர்கள்? சட்டம் தடுத்த ஒன்றைச் சுற்றி வளைத்துச் செய்ததற்குச் சாட்சியாகத்தான் அது பயன்படும். எங்கள் பக்கத்திலிருந்து பினாங்குக்குப் போய் நண்பர் பெயரில் சாப்பாட்டுக் கடை போட்ட ஒருவர் அப்படி ஒரு தாளை என் மேசையில் வைத்தார். கோடு போட்ட நோட்டுத் தாள், நான்காய் மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. கீழே நம்ம ஊர் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அதன் மேல் கையெழுத்து. சாட்சி இல்லை, தேதிகூட இல்லை. நண்பர் உயிரோடு இருந்தவரை வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. அவர் போன பிறகு பிள்ளைகள் வந்து, 'அங்கிள், கடை அப்பா பேரில்தானே இருக்கு' என்றார்கள். பிள்ளைகள் கேட்டதில் தப்பும் இல்லை.

அதனால் தம்பியிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உண்மையில் இந்தச் சட்டம் உங்களுக்கு ஒரு நன்மை செய்திருக்கிறது. 70 லட்சம் என்ற பேச்சே போய்விட்டது. இனி உங்கள் முன்னால் இருப்பது, அந்த விடுதியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தலாமா என்ற கேள்விதான். அதை நிலத்தை விற்காமலே செய்து பார்க்கலாம்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஆறு அறை, 365 நாள், எண்பது சதவீதம், 8,000 ரூபாய். பெருக்கினால் சுமார் 1 கோடியே 40 லட்சம் இலங்கை ரூபாய். நம் ரூபாய்க்கு மூன்றரை என்று வைத்து வகுத்தால் 40 லட்சம். பெருக்கல் சரி. எண்பது சதவீதம் எங்கிருந்து வந்தது? நீங்கள் போனது நல்லூர்த் திருவிழா. கந்தசாமி கோயிலில் 25 நாள் திருவிழா, கனடா, பிரான்ஸ், லண்டன் என்று எல்லா இடத்திலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குவார்கள். அந்த வாரத்தைப் பார்த்து விடுதி எடுப்பது, மகாமகத்தன்று கும்பகோணத்தைப் பார்த்துவிட்டு இங்கே லாட்ஜ் கட்டுவது மாதிரி.

நான் நாற்பது சதவீதம் போடுகிறேன். 876 இரவு, சுமார் 70 லட்சம் இலங்கை ரூபாய். நீங்கள் எழுதிய குத்தகை மாதம் ஒன்றரை லட்சம், வருடத்துக்கு 18 லட்சம். இரண்டு வேலையாட்களுக்கு ஆளுக்கு 50,000 என்றால் 12 லட்சம். அதன் மேல் ஊழியர் சேமலாப நிதி (நம் ஊர் பி.எஃப். மாதிரி) 12 சதவீதம், நம்பிக்கை நிதி 3 சதவீதம் முதலாளி கட்ட வேண்டும், அது ஒரு 1 லட்சத்து 80 ஆயிரம். கரண்ட், தண்ணீர், கேஸ், காலைச் சாப்பாடு, சலவை எல்லாம் சேர்த்து 15 லட்சம் வைக்கிறேன், ஏசி ஓடும் வீட்டுக்கு இது தாராளம் இல்லை. பாதிப் பேர் புக்கிங் தளம் வழியாக வந்தால் 15 சதவீத கமிஷன், ஐந்தேகால் லட்சம். சுற்றுலா அபிவிருத்தி வரி விற்றுமுதலில் 1 சதவீதம். மோட்டார் ரிப்பேர், மெத்தை மாற்றுவது என்று ஒரு 3 லட்சம். எல்லாம் போக மிஞ்சுவது 14 லட்சம் சொச்சம் இலங்கை ரூபாய். நம் பணத்தில் நான்கு லட்சம். மாதம் முப்பத்து நாலாயிரம், அதுவும் வருமான வரிக்கு முன்னால். ஊதியம், செலவு என்று நான் போட்டவை உத்தேசம்தான். அந்தத் தம்பியிடம் கரண்ட் பில்லையும், பன்னிரண்டு மாத புக்கிங் நோட்டையும் கேட்டு வாங்கி உங்கள் எண்களை அதில் போடுங்கள். நோட்டைக் காட்டத் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். சட்டமே அனுமதித்து நீங்கள் 70 லட்சம் கொடுத்து வாங்கியிருந்தால் மிச்சமாவது அந்தக் குத்தகைப் பணம்தான், நம் கணக்கில் ஐந்து லட்சத்துச் சொச்சம். 70 லட்சத்தை இங்கே ஒரு அரசு வங்கியில் போட்டாலும் அதற்குக் கொஞ்சம்தான் குறைவாக வட்டி வரும். மெத்தை மாற்ற வேண்டாம்.

இன்னொன்றும் இந்தத் தொழிலில் உண்டு, உரக்கடையில் இல்லாதது. மழை பொய்த்தாலும் கடன் சொல்லியாவது உரம் வாங்குவார்கள். விடுதிக்கு ஆள் வராமல் நின்றால் நின்றதுதான். இலங்கைக்கு 2018இல் 23 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அப்புறம் கொரோனா. 2021இல் இரண்டு லட்சத்தையும் தொடவில்லை. 2022இல் நாடே கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தது, பெட்ரோலுக்கு வரிசையில் நின்றார்கள். 2024இல்தான் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டியது. இந்தக் காலத்தில் சொந்த வீட்டில் விடுதி நடத்தியவர் பூட்டிவிட்டுக் காத்திருக்கலாம். குத்தகைக்காரர் காத்திருக்க முடியாது. ஆறு மாதக் குத்தகையும் சம்பளமும் கையில் இல்லாமல் இறங்காதீர்கள்.

நம் ஊர்க் கப்பலையும் நம்பி வியாபாரம் போட வேண்டாம். நாகை–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் கொடியசைத்து ஆரம்பித்துச் சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் விடாது. அதே மாதங்களில்தான் யாழ்ப்பாணத்திலும் மழை. திருச்சி, சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் இருப்பது நல்லதுதான். ஆனாலும் வருடம் முழுக்க அறையை நிரப்புகிறவர்களில் நம்மவர்கள் ஒரு பகுதி மட்டுமே. தெற்கிலிருந்து நயினாதீவு விகாரைக்கு வரும் சிங்களக் குடும்பங்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். தமிழ் பேசும் ஊர், சமாளித்துக்கொள்ளலாம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். சிங்களம் பேசும் ஒரு ஆள் முன் மேசையில் இல்லாவிட்டால் அந்தக் கூட்டம் பக்கத்து விடுதிக்குப் போகும். அப்புறம், நாகப்பட்டினத்துக்காரர் என்று தெரிந்ததும் கரையோரத்தில் உங்களிடம் முதலில் எடுக்கும் பேச்சு நம் கரையிலிருந்து அவர்கள் கடலுக்குப் போகும் இழுவைமடிப் படகுகளைப் பற்றியதாக இருக்கும். நீங்கள் உரம் விற்றவர், அதற்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வலைகள் அறுந்திருக்கின்றன.

இனி நிலம். விற்கவே கூடாது என்பதற்கு நான் சென்டிமென்ட் பேசப் போவதில்லை. வெளிநாட்டில் குடியிருப்பவர் என்ற நிலைக்கு நீங்கள் போய்விட்டால், இந்தியாவில் விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் உங்களை விடாது. இங்கே குடியிருந்தபோது வாங்கியதையும் பாட்டன் சொத்தாக வந்ததையும் வைத்துக்கொள்ளலாம், இந்தியாவில் குடியிருக்கும் இந்தியருக்கு விற்கலாம். வாங்கத்தான் முடியாது. பன்னிரண்டு மாவை இப்போது விற்றுவிட்டு, அங்கே மூன்று வருடம் கழித்து மனம் மாறினால், ஊர் திரும்பிக் குடியேறிய பிறகுதான் ஒரு மாவாவது வாங்க முடியும். அந்த விலைக்குக் கிடைக்குமா என்பது வேறு.

அப்படியும் ஒரு பகுதியை விற்க நேர்ந்தால், கிளம்புவதற்கு முன்பே விற்றுவிடுங்கள். கிராமத்து விவசாய நிலமாக இருந்தால் மூலதன ஆதாய வரி கிடையாது. எது கிராமம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நகராட்சி மட்டும் கணக்கில்லை, பத்தாயிரம் பேருக்குக் குறையாத பேரூராட்சியும் கணக்கில் வரும். அதன் எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 2 கிலோமீட்டருக்குள் இருந்தால் வரி உண்டு. மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிய ஊர் என்றால் 6 கிலோமீட்டர், பத்து லட்சத்தைத் தாண்டினால் 8. வரி வரும் இடத்தில் இருந்தால், 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்துக்கு 12.5 சதவீதமா, பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதமா என்று குறைவானதைத் தேர்ந்தெடுக்கும் வசதி இங்கே குடியிருப்பவருக்கு மட்டும்தான். வெளிநாட்டில் குடியிருப்பவர் ஆன பிறகு விற்றால் அந்த வசதியும் போகும், வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்.

விற்காமல் விட்டுப் போகும் நிலத்தை யார் பார்ப்பது? உடனே குத்தகைக்கு விடலாம் என்பீர்கள். 1955ஆம் ஆண்டுச் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் ஊரில் எத்தனை குடும்பங்களுக்குள் வழக்காகி நிற்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருமுறை குத்தகை பதிவாகிவிட்டால் நீங்கள் திரும்பி வரும் நாளில் நிலம் தானாகக் கைக்கு வராது. அது உழுகிறவருக்கான நியாயமான பாதுகாப்பு, குறை சொல்லவில்லை. நீங்கள் ஓரிரு வருடம் பரீட்சை பார்க்கப் போகிறவர், அவ்வளவுதான். தம்பியோ மச்சானோ இருந்தால் உங்கள் கணக்கிலேயே ஆள் வைத்துச் சாகுபடி நடக்கட்டும். கடைமடை நிலம், குறுவைக்குத் தண்ணீர் வருவது நிச்சயமில்லை. சம்பா ஒருபோகம் போதும்.

பணம் அனுப்பும் விஷயம். உண்டியல் வேண்டவே வேண்டாம். பிடிபட்டால் அனுப்பிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட இங்கே சட்டம் இருக்கிறது. பிடிபடாவிட்டாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். அங்கே அந்தப் பணம் எப்படி வந்தது என்று காட்ட முடியாது, காட்ட முடியாத பணத்தையும் அதன் லாபத்தையும் முறையாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இலங்கை வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு என்று ஒன்று தொடங்கி அதன் வழியாக முதலீட்டைச் செலுத்தினால்தான் நாளை அதே வழியாக வெளியே எடுக்கலாம்.

இங்கிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி மூலம் அனுப்பலாம். உங்களுக்கு அதில் ஒரு துளிதான் தேவை. 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடிக்கும். ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். விடுதியை நடத்த அங்கே நீங்கள் தொடங்கும் கம்பெனியில் உங்கள் மனைவியும் பங்குதாரராக இருந்து, அவர் கணக்கிலிருந்து அவர் பங்குக்குப் பத்து, நீங்கள் உங்கள் பங்குக்குப் பத்து என்று அனுப்பினால் 20 லட்சம் வரை ஒரு பைசா டிசிஎஸ் இல்லை. அவரைப் பங்குதாரர் ஆக்காமல் அவர் பெயரில் அனுப்பி உங்கள் பங்கில் சேர்க்கக் கூடாது. முதலீட்டுக்கென்று வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு வாங்குவதால் வங்கி மூலம் எஃப்சி என்ற வெளிநாட்டு முதலீட்டுப் படிவம் கொடுத்து அதற்கான எண் வாங்கிய பிறகே முதல் தவணை போக வேண்டும். உங்கள் ஊர்க் கிளையில் மேனேஜர் முழிப்பார். பெரிய ஊரில் அந்நியச் செலாவணி பார்க்கும் கிளைக்குப் போங்கள். இங்கே குடியிருப்பவராக இருக்கும்வரை வருடாவருடம் டிசம்பர் 31க்குள் அந்தக் கம்பெனியின் அறிக்கை, வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை, இரண்டும் உண்டு.

நகையை வைத்து அனுப்பலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 60 பவுன் என்று எழுதியதால் சொல்கிறேன். இந்த வகை முதலீட்டுக்கு வங்கி கடன் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. விவசாய நகைக்கடன் என்று எழுதி வாங்கி அங்கே அனுப்புவது இரண்டு தப்பு. 12 லட்சம் டெபாசிட்டும், கடையில் கொஞ்சம் சரக்கைக் குறைத்து வரும் பணமும்தான் உங்கள் முதல். 20 லட்சத்துக்குள் நடக்காவிட்டால் இந்த விடுதி உங்களுக்கு இல்லை.

சுற்றுலா விசாவில் போய்க் கல்லாவில் உட்காரக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். முதலீட்டாளருக்கான வதிவிட விசா கையில் வந்த பிறகே தொழில். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு வேண்டும். குத்தகை ஒப்பந்தம் நொத்தாரிசு (நோட்டரி) முன்னால் எழுத வேண்டும், வெறும் கையெழுத்துத் தாள் ஒரு மாதத்துக்கு மேல் செல்லாது. கனடாக்காரர் தம்பிக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம் பதிவானதா, அதில் குத்தகைக்கு விடும் அதிகாரம் இருக்கிறதா என்று உங்கள் செலவில் உங்கள் வக்கீல் பார்க்கட்டும். வீடு கனடாக்காரரின் மனைவிக்குச் சீதனமாக வந்ததாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைச் சட்டப்படி மனைவி, கணவர் இருவர் கையெழுத்தும் கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு எழுதி, இன்னொரு ஐந்து நீட்டிக்கும் உரிமையை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாத நோட்டீஸில் வெளியேறும் வழியும் வேண்டும். பத்து வருடப் பணத்தை மொத்தமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் மனைவி. கடிதத்தில் அவரைப் பற்றி இருக்கும் ஒரே தகவல், நன்றாகச் சமைப்பார் என்பது. அவருக்கு இதில் விருப்பமா என்று ஒரு வார்த்தை இல்லை. ஆறு அறை விடுதியில் வேலை எப்படி இருக்கும் தெரியுமா? கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர் விடிகாலை நாலரைக்கு கேட்டைத் தட்டுவார், அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் என்று சொன்னால் முகம் சுளிப்பார். ஏழு மணிக்கு ஒரு குடும்பத்துக்கு இடியாப்பமும் சொதியும், பிரான்ஸிலிருந்து வந்த அவர்கள் பிள்ளைகளுக்கு டோஸ்ட். பதினொரு மணிக்கு வேலைக்காரப் பெண் வரவில்லை என்று போன். மத்தியானம் இரண்டுக்குள் நான்கு அறையில் விரிப்பு மாற்ற வேண்டும், குளியலறை வடிகாலில் சிக்கிய முடியை யாராவது கையால் எடுக்க வேண்டும். அந்த யாராவது யார் என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். பேசாமல் போனால் அது அவராகத்தான் இருக்கும், நீங்கள் முன் வாசலில் விருந்தினரோடு நல்லூரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

இதற்குப் பரீட்சை நாகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை எந்த லாட்ஜிலும் ஆள் பற்றாது. தெரிந்தவர் லாட்ஜ் ஒன்றில் சம்பளம் வேண்டாம் என்று சொல்லி இருவரும் நின்று பாருங்கள், நீங்கள் ரிசப்ஷனில் இல்லை, அறை சுத்தம் செய்யும் பக்கம். திருவிழா முடிந்த மறுவாரமும் நில்லுங்கள், காலியான லாட்ஜையும் பார்க்க வேண்டும். அதன் பிறகும் இருவருக்கும் ஆசை இருந்தால் ஐப்பசி மழையில் யாழ்ப்பாணம் போய் அதே விடுதியில் காசு கொடுத்துத் தங்குங்கள். எத்தனை அறையில் விளக்கு எரிகிறது என்று எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள், நாற்பது சதவீதத்தைத் திருத்திக்கொள்வோம்.

உரக்கடை உரிமத்தையும் ஜிஎஸ்டி பதிவையும் இப்போது ஒப்படைக்க வேண்டாம். முதல் வருடம் மச்சானோ கணக்குப்பிள்ளையோ நடத்தட்டும், மகன் படிப்புச் செலவு அதிலிருந்து போகும். ரத்து செய்துதான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ரத்தான மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் போட வேண்டும், மீதி இருக்கும் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியையும் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் சம்பா உரம் விற்றுத் தீர்ந்து, குடோன் காலியாக இருக்கும் மாசி, பங்குனியில் அதைச் செய்யுங்கள்.